பொள்ளாச்சி ரயில் பாதையும் தென்னைக் குடியானவரும்

பயிரை விளைவித்தல் உழவுத் தொழிலின் ஒரு பாதி. விளைந்ததைச் சேதமின்றிச் சந்தைக்குச் சேர்ப்பித்தல் மறுபாதி. தோப்பில் நல்ல காய் கண்டும், கூலியும் வாடகையும் போக மிச்சம் காணாத குடியானவர் பொள்ளாச்சிப் பக்கத்தில் பலர் உளர். 2016-ஆம் ஆண்டு முதல் சுருள் வெள்ளை ஈயும், அதனோடு வேர் வாடல் நோயும் தென்னையை வருத்திவரும் இக்காலத்தில், ஏற்றுமதிச் செலவில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் குடும்பத்துக்கு உதவுவதேயாம்.

பொள்ளாச்சிக்கு ரயில் புதிதன்று. போத்தனூரிலிருந்து 1915-ஆம் ஆண்டிலும், திண்டுக்கல்லிலிருந்து 1928-ஆம் ஆண்டிலும், பாலக்காட்டிலிருந்து 1932-ஆம் ஆண்டிலும் பாதைகள் வந்து சேர்ந்தன. நெடுங்காலம் இவை மீட்டர் பாதைகளாகவே இருந்தன. ஆகவே போத்தனூரில் அகலப் பாதை வண்டிக்குச் சரக்கை இறக்கி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. இதனால் கூலி இரட்டித்தது, மூட்டை கிழிந்தது, நாளும் வீணாயிற்று.

இக்குறையை நீக்கவே அகலப் பாதை அமைக்கும் வேலை மேற்கொள்ளப்பட்டது. அதன்பொருட்டுப் பல ஆண்டுகள் வண்டிகள் நின்றுபோயின. பழனி, பாலக்காடு ஆகிய இரு திசைகளிலும் 2015-ஆம் ஆண்டிலும், போத்தனூர் திசையில் 2017-ஆம் ஆண்டிலும் ரயில் மீண்டும் ஓடலாயிற்று. பின்னர் மின்சார வசதியும் செய்யப்பட்டது. இடைக்காலத்தில் சரக்கெல்லாம் லாரிக்குப் பழகிவிட்டது. தோப்பு வாசலிலேயே ஏற்றிச் செல்லும் லாரியின் சௌகரியத்தை மறுப்பதற்கில்லை. கிட்டிய சந்தைக்கு அதுவே தக்கது. வடநாடு போன்ற தூர இடங்களுக்கோ, இரும்புத் தண்டவாளத்தில் உருளும் சக்கரத்துக்குத் தடை குறைவாதலின், அதே எடையை ரயில் குறைந்த சக்தியில் இழுத்துச் செல்லும்.

ஆனால் சரக்கு ரயில் முழுவதையும் சிறு குடியானவர் நிரப்புதல் இயலாது. நிரப்பக்கூடியது ஒரு பார்சல் பெட்டியே. பெரிய பார்சல் பெட்டி ஒன்று சுமார் 23 டன் ஏற்கும். ஒரு கிலோ கொப்பரைக்கு ஏழு காய் என்று கொண்டால், 23 டன்னுக்கு 1,61,000 காய் வேண்டும். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு ஆண்டில் 100 காய், ஆண்டில் ஏழு வெட்டு என்று கணக்கிட்டால், ஒரு வெட்டுக்கு ஏக்கருக்கு 1,000 காய் கிடைக்கும். எனவே சுமார் 160 ஏக்கரின் ஒரு வெட்டு ஒரு பெட்டியை நிரப்பும். ஐந்து ஏக்கர் உடையவர் 32 பேர் கூடினால் போதும். நோயால் காய் சிறுத்த தோப்புகளில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

கூடி முயல்வதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தஞ்சை ஜில்லா போர்டார் நிலவரியோடு சிறு வரி வசூலித்துச் சேர்த்த பணத்தைக்கொண்டு 1894-ஆம் ஆண்டில் மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் பாதையைத் திறந்தனர். நாட்டுப்புறத்தாரின் பணமே அங்குத் தண்டவாளமாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குப் புறப்பட்ட முதல் கிசான் ரயிலில், வழி ஸ்டேஷன்களிலும் சிறு அளவுச் சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர், பழம் காய்கறிகளுக்குக் கட்டணத்தில் பாதி மானியமும் தரப்பட்டது. சிறு சரக்குக்கும் ரயிலில் இடமுண்டு என்பதற்கு இதுவே சான்று.

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலைப்பேட்டை, ஒட்டன்சத்திரம் ஆகிய ஸ்டேஷன்கள் தேங்காயும் தக்காளியும் காய்கறியும் விளையும் ஊர்களையே அடுத்துள்ளன. இனிப் பாதைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு, கூரையிட்ட சரக்குக் கொட்டகை, லாரி வந்து திரும்பும் தளம், எடை மேடை, பெட்டியை நிறுத்தி ஏற்றப் பக்கப் பாதை ஆகியவற்றுக்குச் செல்லவேண்டும். இவையின்றேல் வண்டி ஓடியும் பயனில்லை. சில நிமிஷமே நிற்கும் ரயிலில் 23 டன்னை ஏற்றுவது எவ்வாறு?

குடியானவர் செய்யவேண்டியவையும் உண்டு. பன்னிரண்டு மாதம் முற்றிய காயையே வெட்டுக. கொப்பரையை ஈரம் நூற்றுக்கு ஆறு பங்காகும்வரை உலர்த்துக. ஈரக் கொப்பரை வழியில் பூஞ்சணம் பிடித்து மற்றவர் சரக்கையும் கெடுக்கும். தரம் பிரித்து, ஒரே எடையில் மூட்டை கட்டுக. ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அல்லது உற்பத்தியாளர் கம்பெனி வாயிலாக வெட்டு நாளை ஒத்துவைத்து, வாங்குவோரையும் முன்னதாக உறுதி செய்துகொள்க. இத்தனை டன் சரக்கு இன்ன நாளில் ஆயத்தம் என்று கணக்கோடு கேட்பவருக்கே ரயில்வே அதிகாரிகளிடம் வாதம் வலுக்கும். தண்டவாளம் ஊர்வாசலுக்கு வந்துவிட்டது. அதில் சரக்கை ஏற்றும் ஒற்றுமையே இனி வேண்டுவது.