மூன்று வாரமாக விடாத காய்ச்சல்!

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வயது 26. மூன்று வாரமாகக் காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்குகிறது, மறுநாள் ஏறுகிறது. மூட்டெல்லாம் வலி. முடி கொட்டுகிறது. இரு கன்னத்திலும் மூக்கின் மேலும், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் சிவப்பு.

"வெயில் பட்டது" என்கிறார்கள் வீட்டில்.

வெயில் பட்டது உண்மைதான். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் இரட்டை வெயில் ஆயிற்றே! ஆனால் வெயில் தூண்டிவிட்டது வேறொரு வியாதியை. அதற்கு லூபஸ் என்று பெயர்.

நம் உடம்பில் ஒரு காவல் படை உண்டு. கிருமிகளை விரட்டுவது அதன் வேலை. லூபஸ் வந்தால் அந்தப் படை சொந்த வீட்டையே தாக்கும். தோல், மூட்டு, சிறுநீரகம் எதையும் விடாது. இது தொற்று நோய் அல்ல. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

இனிதான் டாக்டருக்குச் சோதனை. காய்ச்சல் லூபசால் வந்ததா, கிருமியால் வந்ததா? லூபஸ் என்றால் காவல் படையை அடக்க வேண்டும். காச நோயோ டைபாய்டோ இருக்கும்போது அடக்கினால், திருடனுக்குக் கதவு திறந்த கதைதான். அதனால்தான் ரத்தம், சளி, எக்ஸ்ரே என்று அலைய விடுகிறார்கள். ரத்தத்தில் 'சி.ஆர்.பி.' மிகவும் ஏறியிருந்தால், கிருமி இருக்குமோ என்ற சந்தேகம் வலுக்கும்.

லூபஸ் காய்ச்சலை ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் இறக்கிவிடும். ஆனால் நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். மலேரியாவுக்குக் கொடுத்து வந்த ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரையும் லூபசுக்குப் பழைய துணை.

இவற்றுக்கும் அடங்காவிட்டால்?

உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் 'பயாலஜிக்' ஊசிகள் உண்டு. இவை படை முழுவதையும் அடக்காமல், ஒரு பிரிவைக் குறிபார்க்கும். பெலிமுமாப் என்ற ஊசிக்கு 2011-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து லூபசுக்கு வந்த முதல் புது மருந்து அது! புற்றுநோய்க்கு வந்த ரிட்டுக்சிமாப் ஊசியையும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். 2010-ல் வெளியான பெரிய சோதனையில் அது எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. ஆனாலும், மற்ற மருந்துக்கு அடங்காதவர்கள் சிலருக்குக் கைகொடுக்கிறது. ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி 2007-ல் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியதும் விலை குறைந்தது. இருந்தும் ஏழைக்கு எட்டாத விலைதான்.

ஊசிக்கு முன்பு காச நோயும், 'பி' வகை மஞ்சள் காமாலைக் கிருமியும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசி போட்ட பிறகு மீண்டும் காய்ச்சல் வந்தால், மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த முறை வந்தது கிருமியாகவும் இருக்கலாம்.