ஒரு பயணமா, ஐந்து வருடமா?

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் நம்மவர் தவறாது எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: வட்டி நிலையானதா, மாறுவதா? சரக்குக் கப்பலை வாடகைக்கு விடுபவர் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது. பேர்கன் துறைமுகத்தில் நாளும் கப்பல்களைக் காணும் நாம் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

கப்பலை ஒரே பயணத்துக்கு விடலாம். அப்போது எரிபொருளும் துறைமுகக் கட்டணமும் சொந்தக்காரர் தலையில் விழும். சந்தை ஏறினால் அடுத்த பயணத்திலேயே இலாபம் அவருக்கு. அன்றி, ஒரு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ நாள் வாடகை பேசி விடலாம். அப்போது எரிபொருட் செலவு வாடகைக்கு எடுத்தவரைச் சாரும்; மாலுமிகளின் சம்பளமும் காப்புறுதியும் திருத்த வேலையும் மட்டுமே சொந்தக்காரருக்கு. நீண்ட ஒப்பந்தம் கையிலிருந்தால் வங்கியும் கடன் தர எளிதில் இசையும்.

இதே பேர்கன் நகரின் ஹில்மர் ரெக்ஸ்டன் (1897–1980) நீண்ட ஒப்பந்தங்களை விரும்பாதவர். தமது எண்ணெய்க் கப்பல்கள் பலவற்றுக்கு ரோமப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டிய அவர், அவற்றைப் பெரும்பாலும் பயணத்துக்குப் பயணம் வாடகைக்கு விட்டார். 1967 யூனில் மூண்ட யுத்தத்தால் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டது. எண்ணெய் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரவேண்டியதாயிற்று; ஓய்ந்திருந்த கப்பலுக்கெல்லாம் கிராக்கி. ஒப்பந்தங்களால் கட்டுண்டிருந்தோர் பார்த்திருக்க, ரெக்ஸ்டன் பெருஞ்செல்வம் குவித்தார்.

அந்த வெற்றியே அவருக்குப் பகையாயிற்று. பிரமாண்டமான புதிய கப்பல்களைக் கட்டுவித்தார். பழைய வழக்கத்தை மாற்றினாரல்லர். 1973 ஒக்டோபர் யுத்தத்தைத் தொடர்ந்து எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நுகர்வு குறைந்தது, வாடகை சரிந்தது. நோர்வேயின் கடற்குடாக்களில் எண்ணெய்க் கப்பல்கள் வேலையின்றிக் கட்டிக் கிடந்தன. ரெக்ஸ்டனின் நிறுவனங்களும் வீழ்ந்தன. சந்தையை முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. அதற்காக அவரைக் குறை கூறோம். கப்பல்களிற் பாதியையேனும் நீண்ட வாடகைக்கு விட்டு, கடன் தவணைக்கு வழி செய்யாமையே அவரது பிழை என்பது எமது அபிப்பிராயம்.

அப்படியாயின் நீண்ட ஒப்பந்தமே பாதுகாப்பானதா? கப்பலை வாடகைக்கு எடுப்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். உலர்சரக்குக் கப்பல் வாடகையை அளக்கும் பால்டிக் சுட்டெண் 2008 மேயில் 11,793 ஆக இருந்தது. அதே வருடம் டிசெம்பரில் 663. உச்ச வேளையில் ஒப்பமிட்டவர், பக்கத்துக் கப்பல் அற்ப வாடகைக்குக் கிடைக்கும்போதும் பழைய வாடகையையே கட்டவேண்டும். தென்கொரியாவின் ஹன்ஜின் நிறுவனமும் நல்ல நாட்களில் பல கப்பல்களை உயர்ந்த வாடகைக்கு நீண்ட காலம் எடுத்திருந்தது. பின்னர் கொள்கலன் கட்டணங்கள் வீழ்ந்தபோது அச்சுமை இறங்கவில்லை. கடனும் சேர்ந்து அழுத்தியது. 2016 ஓகஸ்ட் இறுதியில் அது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று.

அச்செய்தி பரவியதும், கட்டணம் கிடைக்காதென அஞ்சிய துறைமுகங்கள் பல அதன் கப்பல்களை உள்ளே விட மறுத்தன. வாடகைக் காலத்தைத் தீர்மானித்தவர்கள் கரையில் இருந்தார்கள். மாலுமிகளோ கரை கண்ணுக்குத் தெரிய, இறங்க வழியின்றி, உணவையும் நீரையும் அளந்து செலவிட்டு நடுக்கடலிற் காத்திருந்தார்கள்.