பரோல்: வாக்குக் கொடுப்பவர் யார்?

உறவினரின் இறுதிச் சடங்கிற்கோ மகளின் திருமணத்திற்கோ சில நாள்கள் வெளியே வந்து மீண்டும் சிறைக்குத் திரும்பும் கைதியைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘பரோலில் வந்தவர்’ என்கின்றன. அமெரிக்காவிலோ அதே சொல், தண்டனையின் எஞ்சிய காலத்தைக் கண்காணிப்பின் கீழ் வெளியிலேயே கழிக்குமாறு ஒருவரை விடுவிப்பதைக் குறிக்கிறது. ஆங்கிலம் இச்சொல்லைக் கடன் பெற்ற பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘சொல்’, ‘பேச்சு’ என்பனவே பொருள். சிறைசார்ந்த இந்த ஏற்பாட்டைப் பிரெஞ்சுச் சட்டம் ‘நிபந்தனை விடுதலை’ எனப் பொருள்படும் வேறொரு தொடரால் சுட்டுகிறது.

ஒப்புமையைக் குறித்த ‘பரபோலே’ என்னும் கிரேக்கச் சொல், லத்தீன் விவிலியத்தில் இயேசுவின் உவமைக் கதைகளுக்குப் பெயராகி, பின்னர் மக்கள் வழக்கில் பேச்சு என்னும் பொதுப்பொருளுக்கு விரிந்து, பிரெஞ்சில் ‘பரோல்’ ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இதை ஏற்றபோது, தன் மானத்தின் மீது ஆணையாக ஒருவர் தரும் வாக்குறுதி என்னும் பொருளே முன்னின்றது. பிடிபட்ட போர்வீரர் தப்பியோடுவதில்லை என்றோ, விடுவிக்கப்பட்டால் மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்றோ எதிரிக்கு அளிக்கும் வாக்கே அது.

நெப்போலியன் காலப் போர்களில் பிரிட்டனிடம் சிக்கிய பிரெஞ்சு அதிகாரிகள், இவ்வாறு வாக்களித்துக் குறிப்பிட்ட ஊர்களில் வாடகை வீடுகளில் தங்கி, ஊரெல்லையிலிருந்து ஒரு மைல் தொலைவுவரை உலவ அனுமதிக்கப்பட்டனர். மானம் உயர்குடியினரின் உடைமையாகக் கருதப்பட்டமையால், சாதாரண வீரர்களுக்குக் கிடைத்தது மிதவைச் சிறைகளும் கொட்டடிகளுமே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இவ்வழக்கம் படை முழுவதற்கும் பரவியது. 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரம் சரணடைந்தபோது, ஏறத்தாழ 29,000 தென்தரப்பு வீரர்களை வடக்கே கொண்டுசென்று காவலில் வைக்கும் சுமையைத் தவிர்க்க, வடதரப்புத் தளபதி கிராண்ட் அவர்களைப் பரோலில் அனுப்பினார். அதே ஆண்டு வடதரப்புப் படைக்கென வெளியான லீபர் போர்விதித் தொகுப்பு, வாக்கை மீறி மீண்டும் பிடிபடுபவருக்கு மரண தண்டனை விதித்தது.

குற்றவியலுக்குள் இச்சொல் நுழைந்த பாதை வேறு. 1840இல் நார்ஃபோக் தீவுச் சிறைக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மக்கனாக்கி, நன்னடத்தைக்கும் உழைப்புக்கும் மதிப்பெண் அளித்துக் கைதிகளைப் படிப்படியாக விடுதலைக்கு நகர்த்தும் முறையை வகுத்தார். அதை வால்டர் குரோஃப்டன் அயர்லாந்தில் வளர்த்தெடுக்க, 1876இல் திறக்கப்பட்ட நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா சீர்திருத்தச் சிறை, தண்டனைக் காலத்தை முன்கூட்டி வரையறுக்காமல், திருந்தியவரைப் பரோலில் விடும் முறையைப் பின்பற்றியது. பின்னாளில், விடுதலை நாளை அதிகாரிகளின் விருப்பத்திற்கு விடுவது சமமற்ற தண்டனைக்கு வழிகோலுகிறது என்ற விமர்சனம் வலுத்ததால், அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் செய்யப்படும் குற்றங்களுக்கு இம்முறையைக் கைவிட்டது. பல மாநிலங்களில் அது இன்றும் நீடிக்கிறது.

இந்தியாவில் பரோல் பெரும்பாலும் குறுகிய கால வெளியேற்றமே. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதை விடுப்பு என்றே வழங்கி, சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என இருவகையாகப் பிரிக்கின்றன. எனவே இந்திய வழக்கிற்குச் ‘சிறை விடுப்பு’ என்பதும், அமெரிக்க வழக்கிற்கு ‘நிபந்தனை விடுதலை’ என்பதும் பொருந்துமேயன்றி, இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பது வாசகரை வழிதவறச் செய்யும்.

போர்க்களப் பரோலில் நிபந்தனைக்கு உயிர் கொடுத்தது சிறைப்பட்டவரின் வாய்ச்சொல். சிறைப் பரோலில் அரசு நிபந்தனைகளை எழுத, கைதி கையொப்பமிடுகிறார், பல நேரங்களில் பிணையாளும் தேவைப்படுகிறார். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளின் வாக்குறுதிக்கு இன்னமும் இடமளித்தாலும், 1955இல் வகுக்கப்பட்ட அமெரிக்கப் படையினருக்கான நடத்தை விதி, எதிரியிடம் பரோல் பெறுவதைத் தடுக்கிறது. வாக்குறுதியின் பெயரைத் தாங்கிய இச்சொல் இன்று பெரிதும் அரசின் அனுமதியையே குறிக்கிறது; ஒருவரது சொல்லை நம்பலாமா என்று முடிவுசெய்யும் உரிமை அதிகாரிகளின் கோப்புக்கு மாறிவிட்டது.