கொடையும் மனத்திறனும்
கொடை என்பது கொடுப்பவர் மனமறிந்து அளிப்பது. மறதிநோயால் அம்மனத்தெளிவு குறையும்போது, கொடுத்ததை மறந்து மீண்டும் கொடுக்கும் முதியோரும் உளர். ஆயினும், முதுமை வேறு, மறதிநோய் வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், திறனின்மை மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரை முடிவெடுக்கும் திறனுடையவராகவே கருத வேண்டும் என்கிறது. அங்குள்ள நிதிதிரட்டல் நெறிமுறையோ, கொடுத்த வேளையில் ஒருவர் அத்திறனின்றி இருந்தமைக்குச் சான்று கிடைத்தால், தொண்டு நிறுவனம் அக்கொடையைத் திருப்பியளிக்க வேண்டும் என்கிறது. எனவே, நிதி திரட்டுவோர் எளிய சொற்களில் விளக்க வேண்டும். சிந்திக்கக் காலம் தர வேண்டும். ஐயம் எழுந்தால் கேட்பதை நிறுத்த வேண்டும். முதியவர் என்பதற்காகவே கொடையை மறுப்பது அவர்தம் உரிமையைப் பறிப்பதாகும். தடுமாற்றத்தைக் கண்டும் பெறுவது அவர்தம் பொருளைப் பறிப்பதாகும். இவ்விரண்டையும் தவிர்ப்பதே அறவழியில் நிதி திரட்டுதல்.