அணுவைக் கணிக்கும் செய்நிரல்களும் திரண்ட உழைப்பும்

ஐதரசன் அணுவில் இலத்திரன் ஒன்றே உண்டு. அதன் சக்தி நிலைகளைச் சுரோடிங்கரின் சமன்பாட்டிலிருந்து நேரடியாகப் பெறலாம். இலத்திரன்கள் இரண்டாகும்போதே அவ்வழி அடைபட்டுவிடுகின்றது. அவை ஒன்றையொன்று தள்ளுவதால், ஒன்றின் நிலையை அறிய ஏனையவற்றின் நிலையை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இச்சிக்கலைத் தீர்க்க 1928இல் டக்ளஸ் ஹாற்றி ஒரு முறையை வகுத்தார். இலத்திரன்களின் பரம்பலை முதலில் ஊகித்து, அது தோற்றுவிக்கும் புலத்தைக் கணித்து, அப்புலத்திலிருந்து புதிய பரம்பலைப் பெறுதல். பழையதும் புதியதும் ஒத்துவரும்வரை இதனைத் திரும்பச் செய்தல். தன்னிசைவுப் புலம் எனப்படுவது இதுவே. 1930இல் சோவியத் அறிஞர் விளாதிமிர் பொக், இலத்திரன்களிடையேயான பரிமாற்ற விளைவையும் இதனுட் சேர்த்தார்.

முறை பிறந்ததும் விடை கிடைத்துவிடவில்லை. எண்களை நிரல்நிரலாகக் கையாற் கணிக்க வேண்டியிருந்தது. ஹாற்றியின் தந்தையார் வில்லியம் தமது ஓய்வுக் காலத்தில் இவ்வுழைப்பிற் பங்குகொண்டார். 1950களில் ஹாற்றியின் மாணவி சார்லற் புரோஸ், கேம்பிரிஜ்ஜின் எட்சாக் கணினிக்கு இப்பணியைச் செய்நிரலாக்கினார். எனவே இன்றைய செய்நிரல் ஒவ்வொன்றும் பல தலைமுறையினரின் உழைப்புத் திரண்டு உருப்பெற்றதாகும். பண்டத்தில் உழைப்பு மறைந்துவிடுவதுபோல, விசையை அழுத்தி விடை பெறுவோர் கண்ணுக்கும் அது மறைந்துவிடுகின்றது.

இம்மறைவு ஆபத்தானது. கல்சியத்தின் எதிர் அயன் நிலைத்து நிற்கக் கூடியது என்பதை 1987இல் புரோஸ் பிஷர் குழுவினர் கணித்துக் காட்டினர். அவ்வாண்டே பரிசோதனையும் அதனைக் கண்டது. ஆயின், இலத்திரனின் பிணைப்புச் சக்தி ஏறத்தாழ 0.045 இலத்திரன்வோற்று என்ற அன்றைய மதிப்பு, பின்வந்த அளவீடுகளில் ஏறத்தாழ 0.0245 ஆகக் குறைந்தது. அயன் உண்டு என்ற முடிவு நிலைத்தது, எண் திருத்தப்பட்டது. கணினி தரும் எண் இறுதித் தீர்ப்பன்று என்பது இதனாற் புலனாகும்.

திருத்தம் நிகழ வேண்டுமாயின் கணித்த வழி பிறர் காணத் திறந்திருத்தல் வேண்டும். 1969இல் தொடங்கிய கொம்பியூற்றர் பிசிக்ஸ் கொமியூனிகேசன்ஸ் என்னும் ஆய்விதழும், பெல்பாஸ்ற் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் அதனோடிணைந்து இயங்கிய செய்நிரல் நூலகமும் இத்தேவையை நிறைவுசெய்தன. பார அணுக்களுக்குச் சார்புக் கொள்கையைத் தழுவிக் கணிக்கும் கிராஸ்ப் தொகுதியும் பல நாட்டு ஆய்வாளரின் கூட்டுப் படைப்பே. அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பின் மூலநிரல் எவரும் பெறக்கூடியது.

மூலநிரலை மறைத்து விடையை மட்டும் தருவது, ஏட்டைக் காட்டாது பாடத்தை மட்டும் பதிப்பிப்பதற்கு ஒப்பாகும். கூட்டுழைப்பால் விளைந்த கருவி பொதுவுடைமையாக இருத்தல் நீதி மட்டுமன்று. விஞ்ஞான உண்மைக்கு அது முன்நிபந்தனையுமாகும்.