கட்டில் உண்டு, கேட்க ஆள் உண்டா?

வேளைக்கு உணவு உண்டு. படுக்க மெத்தை உண்டு. மருந்து தர நர்சு உண்டு. "சுகமா ஐயா?" என்று கேட்க மட்டும் ஆள் இல்லை! இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களில் வாழும் பலரின் நிலை இது. 2018-ல் அந்நாட்டு அரசு, தனிமைத் துயரைக் கவனிக்க ஓர் அமைச்சரையே பொறுப்பாக்கியது என்றால், நோயின் ஆழம் புரிகிறதல்லவா?

அந்த அறைக் கதவுகளைத் தட்டுகிறார்கள் வின்சென்ட் தே பவுல் சபைத் தொண்டர்கள். 1833-ல் பாரிசில், 20 வயது மாணவர் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய கத்தோலிக்க சபை அது. எளியோரை நாடிச் செல்வதே அன்று முதல் அதன் வேலை. கூலியில்லை, அருகே அமர்ந்து பழங்கதை கேட்கிறார்கள், அவ்வளவுதான்! பணம் தருவது எளிது. நேரம் தருவதே அரிது.

உழைத்து ஓய்ந்த பெரியவர் நம் தெருவிலும் இருப்பார். கொடி பிடித்த கை, அவர் கையையும் பற்றட்டும்!