சுவரிலே உப்புப் பூத்தால் சிமென்ட் பூசலாமா?

(பண்ணை வானொலிப் பேச்சு)

வயலிலே உப்புப் பூத்தால் என்ன செய்வது என்று பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு வீட்டுச் சுவரிலே பூக்கிற உப்பைப் பற்றிப் பார்ப்போம். "பயிர் ஆபீசருக்கு இதிலே என்ன வேலை?" என்று கேட்காதீங்க. இரண்டும் ஒரே சங்கதிதான்.

புதுச்சேரி நகரத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. விளக்குத் திரியிலே எண்ணெய் ஏறுகிற மாதிரி, தரையின் ஈரம் சுவரிலே ஏறும். கடலோரம் ஆனதாலே உப்பும் கூடவே ஏறும். ஈரம் காற்றிலே உலர்ந்துவிடும். உப்பு மட்டும் வெள்ளையாகத் தங்கிவிடும். உவர் நிலத்திலே நடப்பதும் இதுதான்.

சுண்ணாம்புப் பூச்சிலே நுண்ணிய துளைகள் உண்டு. அதன் வழியே ஈரம் வெளியேறிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? நானே பட்ட பாட்டைச் சொல்கிறேன். திண்ணைச் சுவர் உதிர்கிறதே என்று மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, பெயின்டும் அடித்தேன். ஒரு வருஷம் பளபளவென்று இருந்தது. அடுத்த மழைக்குச் சிமென்டுக்கு மேலே, நாலரை அடியிலே உப்புப் பூத்தது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறிவிட்டது. உள்ளே சேர்ந்த உப்பு பூச்சைத் தள்ளித் தள்ளி, ஒரு நாள் விடியற்காலையில் அது பாளமாக விழுந்தது. அம்மா வழக்கமாக உட்காருகிற இடம் அது. அன்றைக்கு அவர் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது எங்கள் பாக்கியம்.

பூச்சு விழுவதோடு போனால் பரவாயில்லை. பழைய மெட்ராஸ் தளத்திலே மர விட்டத்தின் முனைகள் சுவருக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கும். சுவர் ஈரமாகவே இருந்தால் முனை உளுத்துப்போகும், வெளியே தெரியாது. கடற்கரைச் சாலையில் 1870-71இல் கட்டிய மேரி கட்டடம் பழுதடைந்து கிடந்து, 2014 நவம்பர் மழையிலே இடிந்து விழுந்ததே, ஞாபகம் இருக்கும். அதே தோற்றத்திலே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். வீட்டுக்கு யார் அப்படிக் கட்டித் தருவார்கள்?

சரி, என்ன செய்யலாம்? உவர் நிலத்துக்கு முதல் வைத்தியம் வடிகால். சுவருக்கும் அதேதான். மாடித் தூம்பு அடைப்பை எடுங்கள். சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுங்கள். கைப்பிடிச் சுவரிலே முளைத்த அரசங்கன்றை வெடுக்கென்று பிடுங்கினால் செங்கல்லும் கூட வரும்; மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சாந்தைத் தளர்த்தி வேரோடு எடுத்து, சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். பிறகு சுவரைத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வருகிற பூச்சைக் கொத்தி எடுத்து, காயவிட்டு, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத ஆற்று மணல் கலந்து பூசுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெள்ளக் கல்லாகும், அவசரம் ஆகாது. ஐப்பசி மழைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வேலையை முடிப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. கற்சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். தொட்டித் தண்ணீரிலே சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்புக் குவியல்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், எண்ணெய் கிண்ணெய் விடாமல், நல்ல தண்ணீரால் இருபது நிமிஷம் விடாமல் கழுவிக்கொண்டே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். கண் போனால் வராது.

இன்னொன்று. ஈரச் சுவரிலே சுவிட்சு இருந்தால், மெயினை அணைத்துவிட்டுக் கொத்துங்கள். விட்டம் தொய்ந்தாலோ, முனையிலே ஆணியால் குத்தினால் மாவாக உதிர்ந்தாலோ, அது நம் கைவேலை அல்ல. முட்டுக் கொடுக்கச் சொல்லி, அந்த அறையில் படுப்பதை அன்றைக்கே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

உப்பை மூடாதீர்கள், தண்ணீருக்கு வழிவிடுங்கள். வயலுக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்.